ஒரே ஒரு பிளேட்: ‘தி ஸ்டீரேஜ்’ படமும் அதன் நினைவும்

‘தி ஸ்டீரேஜ்’ அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் 1907இல் கப்பலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கோடு, வடிவம், ஒளிநிழல், சமநிலை ஆகிய காட்சிக்கலை நெறிகள் ஒரு புகைப்படச் சட்டகத்துக்குள் எப்படி வேலை செய்கின்றன என்று விளக்க வருபவர்கள் பெரும்பாலும் இந்தப் படத்திடம்தான் வந்து சேர்கிறார்கள். அதற்குப் படத்தின் அழகு ஒரு காரணம். மற்றொரு காரணம், அது உருவான கதையை ஸ்டீக்லிட்ஸே 35 ஆண்டுகள் கழித்து நினைவுகூர்ந்திருக்கிறார். டோரதி நார்மன் நடத்திய ‘ட்வைஸ் எ இயர்’ இதழில் 1942இல் அந்த நினைவுக் குறிப்பு வெளியானது. ஷட்டரை விடுவிப்பதற்கு முந்தைய சில நிமிடங்களில் தன் கண் எதையெல்லாம் பார்த்தது என்று ஒரு புகைப்படக்காரர் இவ்வளவு துல்லியமாகச் சொன்ன குறிப்புகள் மிகக் குறைவு.

பயணம் நியூயார்க்கிலிருந்து ஐரோப்பாவுக்கு. கப்பலின் பெயர் இரண்டாம் கைசர் வில்ஹெல்ம். அந்நாளின் பெரிய, வேகமான ஜெர்மன் கப்பல்களில் ஒன்று. மனைவி எம்மலின், மகள் கிட்டி ஆகியோருடன் முதல் வகுப்பில் பயணம் செய்த ஸ்டீக்லிட்ஸுக்கு அந்த வகுப்பின் சூழலே பிடிக்கவில்லை. திடீர்ப் பணக்காரர்களின் பேச்சும் குரலும் எந்தப் பக்கம் திரும்பினாலும் காதில் விழுந்தன. சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தும் தப்ப முடியவில்லை. கடைசியில் பொறுக்க முடியாமல் எழுந்து, முதல் வகுப்புத் தளம் முடியும் முனை வரை நடந்து போனார். அங்கே நின்று கீழே பார்த்தபோது மிகக் குறைந்த கட்டணப் பயணிகளின் பகுதி தெரிந்தது. அதற்குத்தான் ஸ்டீரேஜ் என்று பெயர். ரஜூலா கப்பலில் டெக் டிக்கெட் வாங்கிக்கொண்டு நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குப் போனவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கும் தமிழ் வாசகருக்கு அந்த இடத்தின் நெருக்கடியை விளக்க வேண்டியதில்லை.

அந்த முனையில் நின்று தான் கண்டதை ஸ்டீக்லிட்ஸ் ஒரு பட்டியலாகவே நினைவில் வைத்திருந்தார். மேல் தளத்தில் ஓர் இளைஞரின் வட்டமான வைக்கோல் தொப்பி. இடப்பக்கம் சாயும் புகைபோக்கி. வலப்பக்கம் சாயும் படிக்கட்டு. வட்ட வளையச் சங்கிலிகளைக் கைப்பிடியாகக் கொண்ட வெள்ளைத் தொங்குபாலம். கீழ்த் தளத்தில் ஒருவரின் முதுகில் குறுக்காக வெட்டிக்கொள்ளும் வெள்ளை நிறக் கால்சட்டைப் பட்டைகள். இரும்பு எந்திரங்களின் உருண்டை வடிவங்கள். வானத்தை வெட்டி ஒரு முக்கோணத்தை உண்டாக்கும் பாய்மரக் கம்பம். ஆட்களும் இருந்தார்கள். ஆனால் பட்டியலில் வருபவை அவர்களுடைய தொப்பியும் பட்டையும்தான். ஒன்றோடொன்று தொடர்புடைய வடிவங்களின் படம் ஒன்றைத் தான் கண்டதாகவும், அந்த வடிவங்களுக்கு அடியில் வாழ்க்கையைப் பற்றித் தனக்கிருந்த உணர்வு ஓடியதாகவும் அவர் சொல்கிறார். மேலேயிருந்த கூட்டத்திலிருந்து விடுபட்டுக் கீழேயிருப்பவர்களோடு போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்ற ஏக்கமே அந்த உணர்வு. ரெம்பிராண்ட் நினைவுக்கு வந்தார் என்றும் குறிப்பிடுகிறார்.

கேமரா அப்போது கையில் இல்லை. அறைக்கு ஓடி கிராஃப்ளெக்ஸை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்தார். பயன்படுத்தப்படாத பிளேட் ஒன்றே ஒன்றுதான் மீதியிருந்தது. தொப்பிக்காரர் நகர்ந்திருந்தால் படம் போயிற்று என்ற அச்சம் அவருக்கு. தொப்பிக்காரர் நகரவில்லை, பட்டைக்காரர் நகரவில்லை, குழந்தையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணும் நகரவில்லை. ஒரே ஒரு முறை ஷட்டரை விடுவித்தார். பிறகு பாரிஸில் வேறொரு புகைப்படக்காரரின் இருட்டறையில் அந்த பிளேட்டைக் கழுவி, நெகட்டிவ் நன்றாக வந்திருப்பதைக் கண்டு நிம்மதியடைந்தார்.

கிராஃப்ளெக்ஸ் இந்தக் கதையில் முக்கியமான பாத்திரம். அது 4க்கு 5 அங்குலக் கண்ணாடி பிளேட்டில் படமெடுக்கும், கையில் ஏந்தக்கூடிய பெரிய பெட்டி. லென்ஸ் வழியே வரும் பிம்பத்தை உள்ளேயிருக்கும் கண்ணாடி மேல்நோக்கித் திருப்பும். மேலேயுள்ள தேய்த்த கண்ணாடியில் அது விழும். தோல் கூண்டுக்குள் முகத்தை வைத்துக் குனிந்து பார்க்க வேண்டும். அங்கே தெரியும் உலகம் நேராக நிற்கும், ஆனால் இடம் வலம் மாறியிருக்கும். இடம் வலம் மாறிய காட்சியில் பழக்கப்பட்ட பொருள்கள் தங்கள் பெயரைக் கொஞ்சம் இழக்கின்றன. கப்பல், படிக்கட்டு, மனிதர் என்று அடையாளம் காண்பதற்கு முன்பாகக் கண்ணுக்குச் சாய்கோடும் வட்டமும் கருந்திட்டும் தட்டுப்படுகின்றன. காட்சியமைப்பைக் கற்பதில் இதுதான் முதல் படி, கடினமான படியும் இதுவே. பொருளின் பெயரை மறந்து அதன் வடிவத்தைப் பார்க்கத் தெரியாதவருக்கு மற்ற நெறிகள் எல்லாம் வெறும் மனப்பாடமாகவே நின்றுவிடும்.

இனிப் படத்தையே பார்க்கலாம். நிமிர்ந்த செவ்வகம். கடல் எங்குமே தெரியவில்லை, அடிவானம் இல்லை, வானமும் மேலே ஒரு சிறு பகுதிதான். கப்பலில் எடுத்த படத்தில் கடலை விட்டுவிடும் துணிவே முதலாவது முடிவு. கடல் இருந்திருந்தால் கண்ணுக்குத் தப்பிச் செல்ல ஓர் அகன்ற வெளி கிடைத்திருக்கும். அது இல்லாததால் நான்கு விளிம்புகளுக்குள்ளேயே கண் சுற்றி வருகிறது. இரும்பும் மரமும் மனிதரும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் இடம் என்ற உண்மையைச் சட்டகமே சொல்லிவிடுகிறது.

நடுவே வெள்ளைத் தொங்குபாலம். படத்தின் மிக வலிமையான கோடு அது. மேல் தளத்தையும் கீழ்த் தளத்தையும் இரண்டாகப் பிரித்துவிடுகிறது. படத்தைச் சரிபாதியாக வெட்டக் கூடாது, மூன்றில் ஒரு பங்கில்தான் முக்கியமான கோடு வர வேண்டும் என்று இன்றைய கையேடுகள் முதல் பாடமாகச் சொல்கின்றன. அந்த மூன்றில் ஒன்று விதியை 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நிலக்காட்சி ஓவியத்துக்காக எழுதிவைத்தார். தொடக்கக்காரருக்கு அது உதவும், சந்தேகமில்லை. ஆனால் ‘தி ஸ்டீரேஜ்’ அதற்கு அடங்கவில்லை. பாலம் படத்தின் நடுப்பகுதியிலேயே ஓடுகிறது. இரண்டு உலகங்களில் எது பெரியது என்று படம் தீர்ப்புச் சொல்லாமல் விடுவதற்கு அந்த நடு வெட்டு தேவைப்பட்டது. கோடு எங்கே விழ வேண்டும் என்பதை அந்தக் கோடு சொல்ல வந்த செய்திதான் முடிவு செய்கிறது.

பாலம் வெறுமையாக இருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். இவ்வளவு நெரிசலில் ஒருவர்கூட அதன் மேல் இல்லை. வெளிச்சம் பட்டு வெண்மையாக நீளும் அந்த வெற்றிடம், தானே ஓர் உருவமாகிவிடுகிறது. உருவம் எது, பின்புலம் எது என்பது பார்வை செய்யும் தேர்வு என்று டென்மார்க் உளவியலாளர் எட்கர் ரூபின் 1915இல் காட்டினார். ஒரு பக்கம் பார்த்தால் ஜாடி, மறுபக்கம் பார்த்தால் இரு முகங்கள் என்று மாறும் அவருடைய படம் பலருக்கும் தெரிந்ததுதான். சாதாரணமாக மனிதர் உருவமாகவும் கட்டுமானம் பின்புலமாகவும் தெரியும். இந்தப் படத்தில் பாலம் முன்னே வந்து நிற்கிறது, மனிதர்கள் அதன் இருபுறமும் ஒதுங்கிவிடுகிறார்கள்.

அந்த நடுக்கோட்டைத் தனியே விட்டிருந்தால் படம் இரண்டு துண்டாகப் பிளந்து போயிருக்கும். பிளக்காமல் பிடித்துவைப்பவை சாய்கோடுகள். இடப்பக்கம் சாய்வதும் வலப்பக்கம் சாய்வதும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. ஒரு சாய்கோடு தனியே இருந்தால் விழுவது போலிருக்கும். எதிர்ச் சாய்கோடு வந்ததும் இரண்டும் தாங்கி நிற்கின்றன. சமநிலை என்றவுடன் இரு பக்கமும் ஒரே மாதிரியான உருவங்களை நிறுத்துவதைப் பலர் நினைக்கிறார்கள். இங்கே இடமும் வலமும் ஒன்றுபோல் இல்லவே இல்லை. ஒரு பக்கத்துக் கனத்த உருளைக்கு மறுபக்கத்துப் படிக்கட்டின் மெல்லிய கோடுகள் ஈடாகின்றன.

ஒத்த வடிவங்கள் திரும்பத் திரும்ப வருவது அடுத்தது. தொப்பியின் வட்டம் சங்கிலி வளையங்களில் சிறிதாகத் திரும்புகிறது, எந்திரத்தின் உருண்டையில் பெரிதாகத் திரும்புகிறது. மேலே கோடுகள் ஒன்றையொன்று வெட்டும் விதம், கீழே ஒருவர் முதுகில் பட்டைகள் வெட்டும் குறியில் சிறு அளவில் மறுபடியும் வருகிறது. தொலைவில் இருந்தாலும் ஒத்தவற்றைக் கண் சேர்த்து ஒரு தொகுதியாகப் பார்க்கும் என்பதை மேக்ஸ் வெர்த்தைமர் 1923இல் கெஸ்டால்ட் உளவியலின் விதிகளில் ஒன்றாக எழுதினார். ஸ்டீக்லிட்ஸின் கண் அதற்கு 16 ஆண்டுகள் முன்பே அதைச் செய்துவிட்டது. ஓவியர்களுக்கும் கோலம் போடுபவர்களுக்கும் தெரிந்த ஒன்றைத்தான் உளவியல் பிற்பாடு விதியாக்கியது.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தத் தொப்பி. ஒரு சோதனை செய்து பார்க்கலாம்: அச்சிட்ட படத்தில் தொப்பியை விரல் நுனியால் மறைத்துவிட்டு மேல் பாதியைப் பார்க்க வேண்டும். அது உடனே சாம்பல் நிறக் கூட்டமாகக் கலைந்து போகும். விரலை எடுத்ததும் கூட்டம் மறுபடி ஒழுங்காகிவிடும். இருண்ட பரப்பின் நடுவே வரும் ஒளிப்பொட்டு, தன் அளவுக்குப் பல மடங்கு கனம் பெறுகிறது. அதோடு அந்த மனிதர் கீழே குனிந்து பார்க்கிறார். அவருடைய பார்வை, கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடாகப் பாலத்தைத் தாண்டிக் கீழ்த் தளத்துப் பெண்களிடம் இறங்குகிறது. இரண்டு பாதிகளுக்கும் இடையே படத்தில் நடக்கும் ஒரே போக்குவரத்து அந்தப் பார்வைதான். அவர் நகர்ந்திருப்பாரோ என்று ஸ்டீக்லிட்ஸ் பதறியதற்குக் காரணம் இதிலிருந்து விளங்கும். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்ப்பதும் நல்ல சோதனை. ஆட்கள் ஆட்களாகத் தெரியாத அந்த நிலையிலும் ஒளியும் கருமையும் சமன்பட்டே நிற்கின்றன.

இத்தனையும் சில நிமிடங்களில் எப்படி முடிந்தது? விடை அந்தக் கப்பலுக்கு முந்தைய கால் நூற்றாண்டில் இருக்கிறது. 1864இல் நியூஜெர்சி மாநிலத்து ஹோபோக்கனில் பிறந்த ஸ்டீக்லிட்ஸ், பொறியியல் படிக்க பெர்லின் போனார். அங்கே ஒளிவேதியியல் அறிஞர் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகலிடம் மாணவரானபோது அவர் பாதை மாறியது. ஒளியையும் வேதியியலையும் ஃபோகலிடம் கற்றார். நாடு திரும்பியபின் 1893 பிப்ரவரியில், பனிப்புயல் வீசிய ஒரு நாள், இரவல் வாங்கிய கைக் கேமராவோடு நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் மூன்று மணி நேரம் காத்து நின்று ஒரு குதிரை வண்டியைப் படமெடுத்தார். ‘விண்டர், ஃபிஃப்த் அவென்யூ’ என்ற அந்தப் படம், நெகட்டிவின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்து அச்சிட்டது. கைக் கேமராவைப் பற்றி 1897இல் எழுதிய கட்டுரையில் தன் முறையை அவரே விளக்கியிருக்கிறார். முதலில் ஆட்களைக் கணக்கில் எடுக்காமல் இடத்தைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதன் கோடுகளையும் வெளிச்சத்தையும் நன்றாக ஆராய வேண்டும். அதன்பிறகு நடமாடும் உருவங்களைக் கவனித்து, எல்லாம் சமநிலைக்கு வரும் கணத்துக்காகக் காத்திருக்க வேண்டும்.

1907இல் காத்திருக்க நேரமுமில்லை, இரண்டாவது பிளேட்டுமில்லை. தேவையும் இருக்கவில்லை. கோடுகளை முதலில் பார்க்கும் பழக்கம் அவருக்குள் பத்தாண்டுகளுக்கு மேல் ஊறியிருந்தது. அந்தப் பழக்கமே ஓர் இமைப்பொழுதில் தொப்பியையும் பட்டையையும் ஒரே அமைப்பின் பகுதிகளாகக் கோத்தது. காட்சி நெறிகளைப் படமெடுக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாக எண்ணிச் சரிபார்க்க இயலாது. அவை பயிற்சியில் கண்ணுக்குள் இறங்கியிருக்க வேண்டும். நெறிகளைக் கற்பிக்கும் நூல்கள் பலவும் இந்த இடைவெளியைப் பற்றிப் பேசுவதில்லை என்பது பெரிய குறை.

எடுத்தவுடன் ஸ்டீக்லிட்ஸ் படத்தை வெளியிடவில்லை. 1902இல் அவர் தொடங்கிய ஃபோட்டோ செஸஷன் இயக்கம் அப்போதும் ஓவியத்தைப் போல மென்மையாகக் கலங்கிய படங்களையே பெரிதும் போற்றியது. கூர்மையான கோடுகளும் இரும்பும் கொண்ட இந்தப் படத்துக்கு அங்கே இடமில்லை. இடைப்பட்ட ஆண்டுகளில் ஐந்தாம் அவென்யூவில் அவர் நடத்திய, ‘291’ என்று அறியப்பட்ட சிறு காட்சியகத்தில் 1908இல் ரொடானின் வரைபடங்களும் மத்தீஸின் படைப்புகளும் வந்தன. 1911 வசந்தத்தில் பிக்காஸோவின் வரைபடங்கள் வந்தன. உருவத்தைக் கோடுகளாகவும் பரப்புகளாகவும் உடைத்துக் காட்டிய அந்தப் படைப்புகளோடு வாழ்ந்தபின், அதே ஆண்டு அக்டோபரில் அவருடைய ‘கேமரா வொர்க்’ இதழில் ‘தி ஸ்டீரேஜ்’ அச்சானது. தன் மற்ற படங்கள் எல்லாம் அழிந்து இந்த ஒன்று மட்டும் எஞ்சினாலும் தனக்கு நிறைவே என்று பிற்காலத்தில் அவர் சொன்னார்.

இதனால்தான் 1942இன் நினைவுக் குறிப்பை எச்சரிக்கையோடு படிக்க வேண்டியிருக்கிறது. வடிவங்களின் பட்டியலைச் சொல்பவர் 78 வயதுக்காரர். பிக்காஸோவையும் பிராக்கையும் காட்சிக்கு வைத்தவர். 1907இல் கப்பல் தளத்தில் நின்றவருக்கு அந்தச் சொற்கள் எல்லாம் இருந்திருக்குமா என்பது நியாயமான கேள்வி. சொற்கள் பிறகு வந்திருக்கலாம். ஆனால் நெகட்டிவ் பொய் சொல்லாது. தொப்பியும் பாலமும் சாய்கோடுகளும் அன்றே அந்த பிளேட்டில் அந்தந்த இடத்தில் விழுந்துவிட்டன. கண் முந்திக்கொண்டது, விளக்கம் பின்னால் வந்தது என்று கொள்வதே பொருத்தம்.

ஸ்டீக்லிட்ஸின் படங்கள் பெற்ற வரவேற்பின் வரலாற்றில் தமிழரோடு தொடர்புடைய ஓர் இழை உண்டு. கொழும்பில் சர் முத்து குமாரசுவாமிக்கு மகனாகப் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவின் பொறுப்பில் இருந்தார். சோழர் செப்புத் திருமேனிகளின் பெருமையை மேலைநாட்டாருக்கு எடுத்துச் சொன்ன அவருடைய முயற்சியால் 1924இல் ஸ்டீக்லிட்ஸின் 27 படங்கள் அந்த அருங்காட்சியகத்துக்கு வந்தன. அமெரிக்காவின் பெரிய கலை அருங்காட்சியகங்கள் புகைப்படத்தைக் கலையாக ஏற்கத் தயங்கிய காலம் அது. சிற்பத்தின் கோட்டையும் கனத்தையும் ஆழ்ந்து பார்த்த ஒருவருக்குப் புகைப்படத்திலும் அவை தெரிந்தன என்பது மகிழ்ச்சி தரும் செய்தி.

படத்தின் மீது கடுமையான விமர்சனமும் உண்டு. அமெரிக்காவுக்குக் குடியேற வருபவர்களின் படம் என்றே பல காலம் அது பேசப்பட்டது. கப்பல் போனதோ ஐரோப்பாவுக்கு. அதில் இருந்தவர்கள் திரும்பிப் போகிறவர்கள். ஏன் திரும்பினார்கள், அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று படமும் சொல்லவில்லை, நினைவுக் குறிப்பும் கேட்கவில்லை. விமர்சகர் ஆலன் செக்குலா 1975இல் எழுதிய கட்டுரையில் இதைப் புகைப்படக்காரர் லூயிஸ் ஹைன் 1905இல் எடுத்த படத்தோடு ஒப்பிட்டார். ஹைனின் படத்திலும் ஒரு நடைபாலம் இருக்கிறது. அதன் வழியே நியூயார்க்கில் குடியேறிகள் மூட்டை முடிச்சுகளோடு இறங்கி வருகிறார்கள். ஸ்டீக்லிட்ஸின் பாலம் வெறுமையாக இருந்தால்தான் அது கோடாகும். ஹைனுக்கோ பாலத்தின் மேல் வரும் மனிதர்தான் வேண்டும். கோடு கலைந்தாலும் அவருக்குக் கவலையில்லை. ஒருவர் உணர்வை வடிவத்தில் தேடினார், மற்றவர் சான்றைத் தேடினார். இரண்டு தேடலுக்கும் இரண்டு அமைப்புகள்.

இந்த இரண்டும் ஒரே மாணவரிடம் வந்து சேர்ந்தன. நியூயார்க்கின் எத்திக்கல் கல்ச்சர் பள்ளியில் ஹைன் ஆசிரியராக இருந்தார். அங்கே அவரிடம் படித்த பால் ஸ்ட்ராண்ட், அவர் அழைத்துப் போனதால்தான் 291 காட்சியகத்தை முதலில் பார்த்தார். 1916 கோடையில் கனெக்டிகட்டில் கிண்ணங்களையும் திண்ணை நிழல்களையும் எடுத்து, பொருளின் பெயரே தெரியாதபடி வெறும் வளைவும் கோணமுமாகப் படங்கள் செய்து ஸ்ட்ராண்ட் கண்ணைப் பழக்கினார். அதே ஆண்டில் நியூயார்க் தெருவில், ‘பிளைண்ட்’ என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் தொங்கவிட்டு நின்ற பெண்ணைப் படமெடுத்தார். அட்டையின் வெள்ளைச் செவ்வகமும் முகத்தின் ஒளியும் இருண்ட உடையின் மேல் நிற்கும் விதத்தில் கிண்ணங்களில் கற்ற பாடம் தெரிகிறது. அவளை நேருக்கு நேர் பார்க்கும் துணிவில் ஹைனின் வகுப்பு தெரிகிறது. 1917 ஜூனில் வந்த ‘கேமரா வொர்க்’ கடைசி இதழை ஸ்டீக்லிட்ஸ் முழுவதும் ஸ்ட்ராண்டுக்கே கொடுத்தார். கிண்ணங்களும் அந்தப் பெண்ணும் அந்த ஒரே இதழில் அச்சாகியிருக்கிறார்கள்.